பச்சை விளக்கு

பாங்காக்கின் சீலோம் சாலையில் பூக்கடை வைத்திருந்த தையல்நாயகியின் மகள் மதிவதனி, ஐரோப்பாவின் ஒரு குட்டி நாட்டில் குழந்தை பெற்றிருந்தாள். தாய்லாந்துப் பயணிகளுக்கு அந்த நாடு ஒரே நிபந்தனைதான் வைத்திருந்தது. ஊர் திரும்பும் எண்ணம் இருக்கிறதா என்று ஒரு கருவி மனத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். மகளின் படத்தைக் காட்டியதும் தையல்நாயகிக்குச் சிவப்பு விளக்கு எரிந்தது. விசா கிடையாது.

"நீங்க போய் நில்லுங்க" என்றாள் கணவர் வைரவனிடம். தன் பேச்சை மீறிக் கல்யாணம் செய்துகொண்ட மகளோடு அவர் நாலு வருஷமாகப் பேசவில்லை.

"நான் எதுக்கு? அவ மூஞ்சியில முழிக்கவா?"

"மாப்பிள்ள கப்பல்ல இருக்காரு. புள்ளையப் பெத்துட்டு அவ தனியாத் தவிக்கிறா. உங்க கோவத்த நம்பித்தான் விசா குடுப்பான்."

படத்தைப் பார்த்தும் அவருக்குப் பச்சைதான் எரிந்தது. மனைவி கிண்டிக் கொடுத்த பிரசவ லேகியத்தோடு விமானம் ஏறினார்.

அங்கே நுழைவாயிலிலும் அதே கருவியின் சோதனை இருந்தது. கண்ணாடிக்கு அப்பால் கைக்குழந்தையோடு மகள் நின்றாள். மிகவும் இளைத்திருந்தாள். அவளைப் பார்த்ததும் விளக்கு சிவந்தது. அதிகாரிப் பெண் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "அந்தப் பக்கம் பார்க்காமல் இன்னொரு தடவை நில்லுங்கள்" என்று தாழ்ந்த குரலில் சொன்னாள். வைரவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். பச்சை எரிந்து கதவு திறந்தது.

மதிவதனி அழுதுகொண்டிருந்தாள். "இன்னும் கோவமாப்பா? என்னப் பாத்ததும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டீங்களே."

"திருப்பிக்கிட்டதாலதாம்மா உள்ள விட்டாங்க" என்று சொல்லி, குழந்தையை வாங்கக் கைகளை நீட்டினார்.