உட்கார்ந்தே நிறுத்திய படகு

ஐம்பது குதிரைச் சக்தி மோட்டார் படகு ஒன்றை நான் என் பின்புறத்தால் தடுத்து நிறுத்திக்கொண்டிருக்கிறேன். படகுத்துறையில் அதன் கயிறு மாட்டிய இரும்புக் கட்டைமேல்தான், ஓய்வூதியக்காரனுக்கே உரிய கம்பீரத்தோடு, உட்கார்ந்திருக்கிறேன். மாலை வெயில் தண்ணீரில் தகதகக்கிறது. "எந்திரி பெருசு!" என்கிறான் படகோட்டி. அவன் மூச்சு பட்டு மேலே பறந்த கொக்கு தள்ளாடுகிறது. "அந்த அம்மா நீட்டுற குழாயில ஊது, எந்திரிக்கிறேன்." பெண் காவலர் கருவியை நீட்டியபடி நிற்கிறார். "ரெண்டே ரெண்டு பீருக்கு எதுக்கு ஊதணும்?" படகில் ஏழெட்டுப் பேர், நடுவில் என் மச்சான், மடியில் அவன் மகள். "அத்தான், மானத்த வாங்காதீங்க. நீங்க இதுவரைக்கும் சோபாவைத் தவிர எதையாவது அமுக்கிப் பிடிச்சிருக்கீங்களா?" எல்லோரும் சிரிக்கிறார்கள். நான் இன்னும் அழுத்தி உட்காருகிறேன். படகோட்டி வீம்பாக எஞ்சினை முடுக்குகிறான். படகு பாய்கிறது, கயிறு விறைக்கிறது, என் பல்செட் வாய்க்குள் தாளம் போடுகிறது, நான் அசையவில்லை. வெடுக்கென்று நின்ற படகில், யாரும் போட்டுக்கொள்ளாத மிதவைச் சட்டைக் குவியல்மேல் படகோட்டி குப்புற விழுகிறான். எழத் தெரியாமல் அதிலேயே நீந்துகிறான். சிரிப்பு நின்றுபோகிறது. காவலர் தாவி ஏறி எஞ்சினை அணைத்து, குழாயை அவன் வாயில் வைக்கிறார். சிவப்பு விளக்கு எரிகிறது. ஒவ்வொருவராகக் கரையேறுகிறார்கள். மகளை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு கடைசியாக வரும் மச்சான், என் மனைவிக்குப் போன் போடுகிறான். "அக்கா, அத்தான் வந்து ஒரு கதை சொல்வார். இந்த ஒரு தடவை நம்பு. படகை அவர்தான் நிறுத்தினார்... ஆமா, உட்கார்ந்தேதான்."