ஒட்டுப்போட்ட நெஞ்சு

“வாப்பா, நில்லுங்க! ஃபிரிஜ்ல முட்டப் போறீங்க!” என்று கத்தினாள் ஹாஜறா.

பளீல் ஹாஜியார் நின்றார். முகத்தில் மாட்டியிருந்த பெரிய மெய்நிகர்க் (வி.ஆர்.) கண்ணாடிக்குள் அவருக்குத் தெரிந்தது வீட்டு ஹால் அல்ல. ஹாஜறாவின் கைக்குழந்தையின் இதயம். ஓர் அறை அளவுக்குப் பெரிதாகித் துடித்துக்கொண்டிருந்தது.

“ஸுப்ஹானல்லாஹ்! புள்ளட நெஞ்சுக்குள்ளயா நான் நிக்கிறன்?”

“ஓம். ஸ்கேன்ல எடுத்த படம்தான். நடுச் சுவர்ல ஓட்டை தெரியுதா?” என்றார் டொக்டர் ஹிஷாம். கொழும்பில் குழந்தைகளுக்கு இதய ஒப்பரேசன் செய்யும் குழுவில் இருப்பவர். பெருநாள் லீவில் சம்மாந்துறைக்கு வந்தபோது கண்ணாடியையும் கையோடு கொண்டுவந்திருந்தார்.

“தெரியுது டொக்டர். வயல் வரம்பு உடைஞ்ச மாதிரிக் கிடக்கு.”

“பிறக்கக்குள்ளயே வந்த ஓட்டை. புள்ளையத் தொட முந்தி நாங்க இதுக்குள்ள போய், எங்க வெட்டுற, எவ்வளவு பெரிய ஒட்டுப் போடுற எண்டெல்லாம் பாத்து முடிவெடுப்பம்.”

“வெட்டுற கதையே வேணாம்! பொம்புளப் புள்ள!”

ஹாஜறாவின் கண்கள் கலங்கின. புருசன் கட்டாரில். வீட்டில் வாப்பா வைத்ததுதான் சட்டம்; வாப்பாவோ முதலிலிருந்தே இதே பிடிவாதம்.

டொக்டர் ஒரு பொத்தானை அழுத்தினார்.

“இப்ப வேற ஒராள்ட நெஞ்சு. இதே ஓட்டைதான். சின்னதுல ஒட்டுப் போட்டாச்சு. ஆள் இப்ப பெரிய மனிசன்.”

ஹாஜியார் குனிந்து, சரிந்து, சுற்றிவந்து பார்த்தார்.

“சைக்கிள் டியூப்புக்கு ஒட்டினாப் போலயல்லவா இருக்கு! இந்த ஆளால படி ஏற ஏலுமா?”

“ஏறுவார். கிரிக்கெட்டும் விளையாடுவார்.”

“சும்மா கதை! சரி, உசிரோட இருக்காரெண்டே வெச்சுக்குவம். இப்பிடி ஒட்டுப்போட்ட நெஞ்சுக்காரனுக்கு எந்த மடையன் பொண்ணு குடுப்பான், டொக்டர்?”

ஹாஜறா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

டொக்டர் ஹிஷாம் ஹாஜியாரின் கண்ணாடியை மெல்லக் கழற்றிவிட்டு, தன் சட்டையின் மேல் பொத்தான்களையும் கழற்றினார். நெஞ்சின் நடுவே நீளமாக ஒரு பழைய தழும்பு.

“நீங்கதான், மாமா. வீடும் கட்டிக் குடுத்து, மூத்த மகள் ஆதிலாவையும் தந்தீங்க.”

ஹாஜியார் தழும்பைப் பார்த்தார். எப்போதும் டொக்டர் என்றே பெருமையாக அழைக்கும் மருமகனின் முகத்தைப் பார்த்தார்.

“அப்ப... புள்ளட ஒப்பரேசன் எப்ப, மகன்?”