புது மிஷின் எத்தனை?

பிரஷர் பட்டை கையை இறுக்கியது.

"இந்த வருசம் புது மிஷின் எத்தனங்க போடுறீங்க?"

டாக்டர் வரதராஜுலு கருவியைப் பார்த்தபடியே கேட்டார். தூங்குனீங்களா, சாப்பிட்டீங்களா என்று கேட்ட அதே குரல்.

அவனுக்குச் சுருக்கென்றது.

பிரஷர் பார்க்க வந்தவனிடம் மிஷின் எண்ணிக்கை எதற்கு?

"பத்துங்க."

நாற்பது. இன்று பதினொரு மணிக்கு வங்கியில் வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டால் நாற்பது தையல் மிஷினும் வந்து இறங்கிவிடும். வீடு அவனுடையதுகூட இல்லை. மாமனார் மகள் பெயரில் எழுதிவைத்த வீடு.

ஆனாலும் பத்து என்றுதான் வாய் சொன்னது. வாய்க்குப் பழகிப்போன எண். திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்துகிற எவன் உள்ளதை உள்ளபடி சொல்வான்? கண் பட்டுவிடும். வரி ஆபீஸ் வரைக்கும் போய்விடும்.

டாக்டர் அதை அவனுடைய சீட்டில் எழுதவில்லை. இழுப்பறையிலிருந்து நீளமான நோட்டு ஒன்றை எடுத்து அதில் எழுதினார்.

அப்படியா சங்கதி.

யாருக்கு எழுதுகிறார்? வெளியே பெஞ்சில் காத்திருக்கும் நாச்சிமுத்துவுக்கா? இரண்டு தெரு தள்ளிக் கம்பெனி வைத்திருக்கும் நாச்சிமுத்து, காலையிலிருந்து அவனைப் பார்த்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். சும்மா சிரிக்கிற ஆள் இல்லை அவன்.

டாக்டரையும் நம்புவதற்கில்லை. இத்தனை கூட்டம் வந்தும் முப்பது வருடமாக அதே ஓட்டு வீடு, அதே ஸ்கூட்டர். இப்படி இருக்கிறவருக்கு வேறு ஏதோ நோக்கம் இருக்கத்தான் செய்யும்.

பக்கத்து அறையிலிருந்து நர்ஸ் கூப்பிட்டாள். டாக்டர் எழுந்து போனார்.

அவன் நோட்டைத் தன் பக்கம் திருப்பினான்.

யார் பெயரும் இல்லை. ஒரு பென்சில் கோடு முப்பது வருடமாக ஏறி, இறங்கி, மறுபடி ஏறிக்கொண்டிருந்தது. அந்தந்த வருடத்துக்கு மேலே ஓர் எண். வந்தவர்கள் சொன்ன புது மிஷின்களின் மொத்தம். பக்கத்தின் குறுக்கே சிவப்பு மையில் ஒரு நேர்கோடு.

மூன்று இடத்தில் பென்சில் கோடு சிவப்பைத் தாண்டியிருந்தது. மூன்று முறையும் மறு வருடமே பொத்தென்று விழுந்திருந்தது. ஒன்பது, பத்து வருடத்துக்கு ஒரு தடவை.

கடைசியாக விழுந்த வருடத்தை அவன் மறக்கமாட்டான். அப்பா கம்பெனியைப் பூட்டிய வருடம். அப்பாவிடம் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.



இவர் உளவாளி இல்லை. ஊருக்கு வருகிற காய்ச்சலை ஒற்றை ஆளாக அளந்துகொண்டிருக்கிறார்.

இந்த வருடத்துப் புள்ளி சிவப்புக்கு ஒரு நூல் கீழே நின்றது. அவனுடைய பத்தையும் சேர்த்து.

"பாத்துட்டீங்களா?"

டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். கோபப்படவில்லை.

"நாடி புடிக்கற மாதிரித்தானுங்க இதுவும். தொழிலு படுக்கறதுக்கு முன்னால ஒரே ஓட்டமா ஓடும். அந்த ஓட்டந்தானுங்க நோவே. இந்தத் தடவ இன்னும் கோட்டத் தொடலீங்க. பயப்படாமப் போடுங்க."

இல்லைங்க டாக்டர், நாற்பது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தான்.

கதவு ஒருக்களித்திருந்தது. இடுக்கில் நாச்சிமுத்துவின் செருப்பு தெரிந்தது.

வாயை மூடிக்கொண்டான்.

அவன் வெளியே வர, நாச்சிமுத்து உள்ளே போனான். நேற்றுச் சாயங்காலம் நாச்சிமுத்துவின் கம்பெனி வாசலில் லாரியிலிருந்து அறுபது மிஷின் இறங்கியது. டீக்கடையில் நின்று இவனே எண்ணினான். எண்ணாமல் இருப்பானா?

கதவுக்குப் பின்னால் அதே கேள்வி.

"எட்டுங்க டாக்டர்," என்றது நாச்சிமுத்துவின் குரல்.

பெஞ்சில் இன்னும் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். எல்லாரும் கம்பெனிக்காரர்கள். எல்லாரும் அவனைப் பார்த்துச் சிரித்தார்கள்.

அட கடவுளே.

பெஞ்சின் கடைசியில் அவன் மனைவி பூங்கொடி, மடியில் மஞ்சள் பையோடு உட்கார்ந்திருந்தாள். பதினைந்து நாளாக அவன் தூங்கவில்லை என்று பிடிவாதமாக இங்கே கூட்டிவந்தவள் அவள்தான். பைக்குள் பத்திரம் இருந்தது.

"டாக்டரு என்னங்க சொன்னாரு?"

"பயப்பட ஒண்ணுமில்லைன்னாரு."

அவள் முகம் தெளிந்தது. எழுந்து, பையை இரண்டு கையாலும் அவனிடம் நீட்டினாள்.

"அப்பறம் என்னங்க, வாங்க போலாம். பத்து மிஷினுதானுங்களே."