பக்கத்து வீட்டு மனுதாரர்

மதியம் இரண்டு மணிக்குக் கையில் தூக்கோடு குழந்தைகள் வார்டுக்குள் நுழைந்த விஸ்வேஸ்வரனைப் பார்த்ததும் தணிகைமணிக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. திருத்தணியில் இத்தனை பேர் இருக்க, இந்த மனிதர்தானா நலம் விசாரிக்க வரவேண்டும்?

எரிச்சலுக்குக் காரணம் உண்டு. தணிகைமணி வீட்டு முன்கட்டில் நான்கு விசைத்தறிகள் ஓடுகின்றன. சுவருக்கு அந்தப் பக்கம் விஸ்வேஸ்வரன். மலைக்கோயில் மடப்பள்ளியில் அவருக்குச் சமையல் வேலை. விடியும் முன்னே படியேறி, உச்சிக்கால பூஜை முடிந்து இறங்கி வந்து, இரண்டு மணிக்குக் கட்டையைச் சாய்ப்பார். தறிச் சத்தத்தில் கண்ணை மூட முடியவில்லை என்று ஆறு வருஷத்தில் மூன்று மனு கொடுத்துவிட்டார்.

மகள் மோகனப்ரியாவைக் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, கணவனும் மனைவியும் தறிகளை நிறுத்திவிட்டு இங்கேயே தங்கிவிட்டார்கள். மறுநாளே மனிதர் போன் செய்தார். குழந்தையைப் பற்றி இரண்டு வார்த்தை கேட்டார். அடுத்த கேள்வி, "தறி திரும்ப எப்போ ஓடும்?" தனக்கு எத்தனை நாள் நிம்மதி என்று பார்க்கிறார் என்று தணிகைமணி பல்லைக் கடித்துக்கொண்டான்.

"குழந்தை எப்படிடா இருக்கா?" என்றபடி விஸ்வேஸ்வரன் கட்டிலருகே வந்தார்.

பதில் சொன்னது அவன் மனைவி தேவிப்பிரியா. "காய்ச்சல் நேத்தே விட்டுப்போச்சு சாமி. தூங்கத்தான் மாட்டேங்குது. மூணு நாளா கண்ண மூடுது, ஒடனே முழிச்சிக்கினு அழுவுது. இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள தூங்கலன்னா, காரணம் இன்னான்னு பாக்க சென்னைக்கு அனுப்பிடுவேன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க."

"நைனா, வூட்டுக்குப் போலாம்" என்று நான்கு வயசு மோகனப்ரியா சிணுங்கினாள். அவளைத் தோளில் போட்டு நடந்தாயிற்று, கதை சொல்லியாயிற்று. தேவிப்பிரியா பாடிய தாலாட்டில் பக்கத்துக் கட்டில் குழந்தையும் அதன் அப்பாவும் தூங்கிப்போனார்கள். மோகனப்ரியா மட்டும் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டிருந்தாள்.

விஸ்வேஸ்வரன் தூக்கை ஸ்டூலின் மேல் வைத்தார். "புளியோதரை இருக்கு. மொதல்ல ரெண்டு பேரும் சாப்பிடுங்கோ." பிறகு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, எதையோ தேடித் தடவி, குழந்தையின் தலைமாட்டில் வைத்தார்.

தடதட தடதட தடதட.

தணிகைமணி திடுக்கிட்டான். அது அவனுடைய தறிச் சத்தம். நான்கு தறிகளும் ஓடின, மூன்றாவது தறியின் நொண்டல் உட்பட.

"இது ஏது சாமி?"

"உன் பேர்ல மனு குடுக்கறச்சே சாட்சிக்குப் புடிச்சு வெச்சதுடா. ஒன்றரை மணி நேரம் ஓடும்" என்றார் விஸ்வேஸ்வரன், கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

நர்ஸ் ஓடி வந்தாள். "யாருங்க அது, வார்டுல மாவு மிஷின் ஓட்டிக்கினு? சத்தத்தக் கொறைங்க."

விஸ்வேஸ்வரன் குறைத்தார். குழந்தை உடனே முகத்தைச் சுளித்தாள்.

"கொஞ்சம் சத்தமாவே இருக்கட்டும்மா. சத்தம் இருந்தாத்தான் அவ தூங்குவா" என்று கெஞ்சினார், சத்தத்துக்கு எதிராக மூன்று மனு எழுதிய அந்தப் புண்ணியவான். நர்ஸ் தலையில் அடித்துக்கொண்டு, கதவை மட்டும் சாத்திவிட்டுப் போனாள்.

ஐந்தே நிமிஷம். மோகனப்ரியா கட்டை விரலை வாயில் போட்டுக்கொண்டு, ஒருக்களித்துப் படுத்து, அயர்ந்து தூங்கிப்போனாள். தறிகளுக்கு நடுவே தூளி கட்டி வளர்த்த பிள்ளை அவள். அந்தச் சத்தம் இல்லாத இடம் அவளுக்குப் பயமாக இருந்திருக்கிறது. பெற்றவர்களுக்கு இது தோன்றவே இல்லை. அவர்கள் காதில் தறிச் சத்தம் விழுவது நின்று வருஷக்கணக்காகிறது.

எட்டிப் பார்த்த டாக்டரம்மா, குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தார். "நல்லாத் தூங்குறா. சென்னைக்கெல்லாம் போக வேணாம். நாளைக்கு வீட்டுக்கே கூட்டிட்டுப் போகலாம்."

தேவிப்பிரியா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு விஸ்வேஸ்வரனைக் கும்பிட்டாள். தணிகைமணிக்கு வெட்கமாக இருந்தது. இந்த மனிதரை எத்தனை நாள் மனசுக்குள் திட்டியிருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டே புளியோதரைத் தூக்கைத் திறந்தான். மூன்று நாளில் முதல் முறையாகச் சோறு உள்ளே இறங்கியது.

அவன் சாப்பிட்டு முடிக்கவும் விஸ்வேஸ்வரன் எழுந்தார். "சரி, நான் கெளம்பறேன்" என்று மெல்ல போனை எடுக்கப் போனார்.

தணிகைமணி அவர் கையைப் பிடித்தான். "இருங்க சாமி. இப்ப எடுத்தா முழிச்சிக்கும். போனு இங்கயே இருக்கட்டும், சாயங்காலம் நானே கொண்டாந்து குடுத்துடறேன்."

"அது மட்டும் முடியாதுடா."

மனிதரின் புத்தி மாறவில்லை என்று தணிகைமணிக்குப் பட்டது. பழைய எரிச்சல் எட்டிப் பார்த்தது. "இன்னா சாமி, சாட்சி கைய விட்டுப் போயிடும்னு பயமா? அடுத்த மனுவுக்கு வேணுமா?"

விஸ்வேஸ்வரன் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். நர்ஸ் காதில் விழாமல் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மனு கெடக்கட்டும்டா. இப்போ ஆத்துக்குப் போய் நான் எதப் போட்டுண்டு தூங்கறது?"