ஒளித்து வைத்த கத்தரிக்கோல்

நெய்து முடித்த பட்டுப்புடவை தறியிலேயே கிடந்தது. அறுத்தெடுக்கக் கத்தரிக்கோல் இல்லை. தினகரனின் மனைவி இளவரசி அதை எங்கோ ஒளித்துவிட்டாள், அரிவாள்மனையையும் சேர்த்து. போதாததற்கு அவனை மனநல டாக்டரிடம் வேறு கூட்டி வந்துவிட்டாள்.

தெருக்காரர் யாரும் பார்த்துவிடக் கூடாதென்று, தோளில் தூங்கிய கைக்குழந்தையோடு தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான்.

"கோவத்துல தறியில ஓடுற நாடாவ விட்டெறிஞ்சது ஒரே தடவதாம்மா. அதுக்காவ உன்ன வெட்டிருவேன்னு பயந்துக்கினு இருக்கியா?"

இளவரசி அழுதாள்.

நர்ஸ் கூப்பிட்டதும் தினகரன் எழுந்தான்.

"நீங்க இல்லீங்க. பேஷண்ட் இளவரசி!"

இருவரும் உள்ளே போனதும் இளவரசி டாக்டரின் முகத்தைப் பார்க்கவில்லை. "பாப்பாவத் தொட்டாலே, நானே அவளக் குத்திருவனோன்னு நெனப்பு வருது டாக்டர். அதான் எல்லாத்தையும் ஒளிச்சேன். பெத்தவளுக்கு இப்படி வரலாமா?"

"எதை உயிரா நெனைக்கிறோமோ அதுமேலதான் இந்த நெனப்பு வந்து ஒட்டும்மா. பயந்து தள்ளத் தள்ளத் திரும்ப வரும். இது வியாதி. உங்க ஆசை இல்ல. சரிபண்ணிடலாம்."

தினகரன் குழந்தையை அவளிடம் நீட்டினான்.

"ஐயோ, வேணாங்க!"

"புடிம்மா. எனக்கு உம்மேல பயமில்ல."