ஊசி போடாதவன்

"ஊசி போடலையா? ஒண்ணுகூடவா?"

மேஜைக்குப் பின்னால் இருந்த அதிகாரி பேனாவை மூடி வைத்தார். எதிரே ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்ற லைன்மேன், இல்லை என்று தலையை ஆட்டினான்.

காட்டுவழி மோட்டார் சைக்கிள் பந்தயத்துக்கான சான்றிதழ் பரிசோதனை அது. தொற்றுக்காலத்தில் இரண்டு வருடம் நின்றுபோயிருந்த பந்தயம், இப்போதுதான் மறுபடி நடக்கிறது. மூன்று ஊசி போட்டதற்குச் சான்றிதழ் காட்டினால்தான் வண்டியைக் கிளப்பலாம் என்பது விதி.

வரிசையில் நின்றவர்கள் அதுவரை அந்த விதியைத்தான் மென்றுகொண்டிருந்தார்கள். மணலில் தனியாக ஓட்டுகிறவன் யாருக்கு நோயை ஒட்டப்போகிறான் என்றான் ஒருவன். முகாமில் கூடாரத்துக்கு ஆறு பேராகப் படுக்கிறோமே, அது கணக்கில்லையா என்றான் இன்னொருவன். என்னதான் முணுமுணுத்தாலும் எல்லோர் பையிலும் சான்றிதழ் இருந்தது.

"கம்பத்துல ஏறி கரண்டோட விளையாடுறவனுக்கு ஊசின்னா பயமா?" என்று யாரோ கேட்க, நாலு பேர் சிரித்தார்கள்.

வெல்டர் சிரிக்கவில்லை. மரத்தடியில் தனியாக நின்றவன் விறுவிறுவென்று வந்தான். இருவரும் ஒரே கிளப், பதினைந்து வருடப் பழக்கம்.

"என் தம்பி செத்தப்ப ஆஸ்பத்திரி வாசல்ல என்கூட நின்னவன்தானே நீ?"

லைன்மேன் ஹெல்மெட்டை மறு கக்கத்துக்கு மாற்றினான்.

"அவனுக்கு ஊசி கெடைக்கல. இன்னும் மூணு வாரம் இருந்திருந்தா கெடைச்சிருக்கும். உனக்குத் தெருமுனையிலயே போட்டாங்க. அதைப் போடாமலா எங்க அம்மா பக்கத்துல உக்காந்து இத்தனை நாள் சாப்பிட்டுட்டுப் போன?"

"பயம்டா. விடு."

"சொல்ல வெட்கமா இல்ல?"

லைன்மேன் குனிந்து ஹெல்மெட்டைப் பையில் திணித்தான். அது எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றியது. இவன் கிளப்பில் இருந்தால் நான் இருக்க மாட்டேன் என்றான் வெல்டர். கிளப் செயலாளர் கொஞ்சம் தயங்கிவிட்டு, அங்கேயே ஃபோனை எடுத்து லைன்மேனை வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்கினார். இனிமேல் என் முகத்தில் முழிக்காதே என்றும் வெல்டர் சொல்லி முடித்தாயிற்று.

லைன்மேன் சாவியை நீட்டினான்.

"என் வண்டி செக்கிங் முடிஞ்சு சும்மாதான் நிக்குது. நீ எடுத்துக்க."

வெல்டருக்கு அந்த வண்டி தேவைப்பட்டது என்பதுதான் கொடுமை. அரை மணிக்கு முன்னால்தான் அவன் வண்டியை நிராகரித்திருந்தார்கள். சேஸிஸில் விழுந்த விரிசலுக்குத் தானே வெல்டிங் வைத்து, மேலே பெயின்ட் அடித்திருந்தான். பரிசோதகர் பெயின்ட்டைச் சுரண்டிப் பார்த்துவிட்டு, ஒட்டுப் போட்ட சேஸிஸ் பந்தயத்துக்கு ஆகாது என்று சொல்லிவிட்டார். ஊர் வண்டிக்கெல்லாம் ஒட்டுப் போடுகிறவன் தன் வண்டிக்குப் போட்ட ஒட்டில் மாட்டிக்கொண்டான்.

இந்தப் பந்தயம் தம்பியின் ஆசை. நின்றுபோன வருடத்துப் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டுத்தான் அவன் படுக்கையில் விழுந்தான். அவனுக்குக் கொடுத்திருந்த எண்ணையே கேட்டு வாங்கி, அவன் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தான் வெல்டர். முடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவேன் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தான். அம்மா ரொம்ப நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் எழுந்து வாசல்வரை வந்தாள்.

சாயங்காலத்துக்குள் வேறு வண்டி கொண்டுவந்தால் ஓட்டலாம், தடையில்லை என்றார் அதிகாரி.

வெல்டர் சாவியைப் பிடுங்கிக்கொண்டான்.

"நன்றியெல்லாம் எதிர்பார்க்காத. வண்டி என்ன பாவம் பண்ணுச்சு, அதுக்காக எடுக்கறேன்."

லைன்மேன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் நிற்கும் பக்கமாக நடந்தான். வழியனுப்பக்கூட யாரும் போகவில்லை.

மறுநாள் உச்சி வெயிலில், காய்ந்த ஆற்றுப்படுகை ஒன்றில் பின்சக்கரம் பஞ்சர் ஆனது. மற்ற வண்டிகள் புழுதி கிளப்பிக்கொண்டு தாண்டிப் போயின. வெல்டர் வாய்க்கு வந்தபடி லைன்மேனைத் திட்டிக்கொண்டே சீட்டைக் கழற்றினான். டயர் கழற்றும் கம்பிகள் ஒரு துணிப்பையில் இருந்தன. பையைத் தூக்கினால், அதற்கடியில் பிளாஸ்டிக் உறையில் மடித்து வைத்த காகிதங்கள். மழைக்கும் புழுதிக்கும் பயந்து பந்தயக்காரர்கள் முக்கியமானதையெல்லாம் சீட்டுக்கு அடியில்தான் வைப்பார்கள். துரத்திய துரத்தலில் லைன்மேன் எடுக்க மறந்திருக்கிறான்.

வண்டிக் காகிதம்தானே என்று வெல்டர் ஒன்றைப் பிரித்தான்.

மேலே லைன்மேன் பெயர். கீழே மூன்று ஊசி, மூன்று தேதி. முதல் தேதி, அவர்கள் வயதுக்காரர்களுக்கு ஊசி போட ஆரம்பித்த அன்றைக்கே. கடைசித் தேதி, பந்தயம் அறிவித்த மறுநாள்.

வெல்டர் கொதிக்கிற மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். கூப்பிடலாம் என்று ஃபோனை எடுத்தால் சிக்னல் இல்லை. கூப்பிட்டு என்ன சொல்வது என்றும் தெரியவில்லை. தம்பி போன அன்றைக்கு அழுதது போல அழுகை வந்தது.

'நான் ஓட்டல, நீ என் வண்டிய எடுத்துக்க' என்று லைன்மேன் நேராகச் சொல்லியிருந்தால், இன்னொருத்தன் பந்தயத்தைப் பறித்துக்கொண்டு ஓட்டுவேனா என்று சாவியைத் தூக்கி எறிந்திருப்பான் வெல்டர்.

பதினைந்து வருடம் கூடவே ஓட்டியவனுக்கு அது தெரிந்திருந்தது.