எதிர்பார்க்கும் வயது

மூன்று பொட்டலங்களுக்கும் ஒரே வயதுதான் வந்திருந்தது.

ஆறு கோடியே அறுபது லட்சம் வருடம்.

பாறைகளுக்கு வயது கணிக்கும் ஆய்வகம் அனுப்பிய தாளை அவள் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் ஒன்றுமில்லை. மறுபடி முன்பக்கம் வந்தாள். எண் மாறவில்லை.

முதல் இரண்டும் அரியலூர்ப் பக்கம் ஓர் ஓடைக்கரையில் அவளே வெட்டி எடுத்த எரிமலைச் சாம்பல் படிவு. அதற்குக் கீழே கடல் நத்தைகள் கொத்துக்கொத்தாகக் கல்லாகிக் கிடக்கின்றன. மேலே ஒன்றுகூட இல்லை. டைனோசர்கள் அழிந்த அதே காலத்தில்தான் இந்தக் கடலும் செத்தது என்று பன்னிரண்டு வருடமாக எழுதிவருகிறாள். மறுத்தவர்கள்கூட அந்த எண்ணைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்கள்.

மூன்றாவது பொட்டலம் அவள் வீட்டு அம்மி.

உடைந்து மொட்டைமாடியில் கிடந்தது. சுத்தியலால் நாலு தட்டுத் தட்டி, பொடியைப் பையில் போட்டு, ஓடைக்கரைச் சாம்பல் என்றே எழுதி அனுப்பினாள். அந்தக் கல்லுக்கு இருநூற்றைம்பது கோடி வருடம் இருக்கும். முதல் வருடம் படிக்கிறவன்கூடச் சந்தேகப்படுவான்.

ஆய்வகத்துத் தணிகாசலம் சந்தேகப்படவில்லை.

போன மாதம் ஒரு கருத்தரங்கில், டீ குடிக்கிற இடத்தில், எவரோ சிரித்துக்கொண்டே கேட்டார். "எங்க பாறையெல்லாம் முரண்டு பிடிக்குது. உங்களுது மட்டும் எப்படி மேடம் சொன்ன பேச்சு கேக்குது?"

அவளும் சிரித்துவைத்தாள். அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

எப்படித்தான் கேட்கிறது? பன்னிரண்டு வருடத்தில் ஒரு துகள்கூடவா அவளை எதிர்த்துப் பேசாது?

தணிகாசலம் அதிர்ந்து பேசாத மனிதர். ஒவ்வொரு தடவையும் முடிவை அனுப்பிவிட்டு போன் செய்வார். நீங்கள் நினைத்த மாதிரியே வந்திருக்கிறது என்பார். அதைக் கேட்டு எத்தனை தடவை பூரித்துப்போயிருக்கிறாள். சே, ஒரு தடவையாவது உறைத்திருக்கக் கூடாதா.

ஆள் கையும் களவுமாக மாட்டிக்கொண்டார் என்றுதான் முதலில் நினைத்தாள். கோபத்தோடு பீரோவைத் திறந்து பழைய படிவங்களை எடுத்தாள்.

ஒவ்வொரு பொட்டலத்தோடும் ஒரு படிவம் போகும். நகல் அவளிடம் இருக்கும். எடுத்த இடம், ஆழம், பாறை வகை. கடைசியில் ஒரு கட்டம். எதிர்பார்க்கும் வயது. எந்த முறையில் அளப்பது என்று தெரிந்துகொள்ளக் கேட்பார்கள். எல்லோரும் நிரப்புவதுதான்.

முடிவு வந்தவை நாற்பத்திரண்டு படிவங்கள். நாற்பத்திரண்டிலும் அதே எண்.

நீல மை. அவள் கையெழுத்து.

அம்மிக்கு அதை எழுதியது பொறி வைக்க.

மற்ற நாற்பத்தொன்றுக்கு?

மேசை ஓரத்தில் செண்பகவல்லியின் ஆய்வேடு இருந்தது. அவளிடம் ஐந்து வருடம் ஆராய்ச்சி செய்த பெண். அத்தனை பக்கமும் இந்த எண்ணை நம்பி எழுதியது. திங்கட்கிழமை சமர்ப்பிக்க வேண்டும். வழிகாட்டி என்று இவள் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

நல்லவேளையாக, போன வாரம் நான்காவதாக ஒன்றும் அனுப்பியிருந்தாள். அசல் ஓடைக்கரைச் சாம்பல். கடைசிக் கட்டத்தை மட்டும் காலியாக விட்டிருந்தாள். பாறையே சொல்லட்டும் என்று.

போன் அடித்தது. தணிகாசலம்.

"மேடம், நாலாவது பொட்டலம் வந்துருச்சு. கடைசிக் கட்டத்தை நிரப்பாம விட்டுட்டீங்களே." எப்போதும் போல மெதுவான குரல். "எவ்வளவு போடட்டும்?"

பேனா மூடியைத் திறக்கும் சத்தம் கேட்டது.

அவள் ஆய்வேட்டைப் பார்த்தாள்.

"ஆறு கோடியே" என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்தினாள்.

அந்தப் பக்கம் அவர் எழுதிக்கொண்டிருந்தார்.